பேர் வெட்டும் ஆவுடையும் மூன்று ஆன்லைன் கடைகளும்

கோணலூருக்கு வழி கேட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் வாயால் சொல்லமாட்டார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார்கள். அந்தக் கை காட்டும் பக்கம் போனால் ஒரு பஸ் ஸ்டாண்டு வரும். அதற்கு எதிரே மூன்று படி ஏறினால் திருமேனி பாத்திர மாளிகை.

கடைக்குக் கூட்டாளிகள் மூன்று பேர். பெரியவர் திருமேனி அண்ணாச்சி. காலையில் ஷட்டரைத் தூக்குவது அவர் பொறுப்பு. தூக்கிய களைப்பு சாயங்காலம் அதை இறக்கும்வரை இருக்கும். அடுத்தவர் சங்கிலி. எதையும் இரண்டு முறை யோசிப்பார். இரண்டு முறையும் ஒரே முடிவு வருவதைக் கண்டு ஆச்சரியப்படுவார். மூன்றாவது இசக்கியம்மாள். புருஷன் காலமானதும் அவர் பங்கையும் அவர் நாற்காலியையும் எடுத்துக்கொண்டவள். மற்ற இருவருக்கும் அவள் மைனி, அதாவது அண்ணி.

மாடிப்படிக்கு அடியில், நாலுக்கு நாலடி இடத்தில், ஒரு முக்காலியும் பேர் வெட்டும் மெஷினும் உண்டு. முக்காலியில் ஆவுடை இருந்தான். இருபத்தெட்டு வருஷமாக இருந்தான். வாங்கிய பாத்திரத்தில் என்ன பேர் போடவேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், மெஷின் 'கிர்' என்று ஒரு வண்டைப் போலப் பாடும், சீட்டில் இருப்பது எவர்சில்வரில் ஏறிவிடும்.

சீட்டில் இருப்பதில் ஒன்றையும் அவன் விட்டுவைக்கமாட்டான். மேலத்தெரு அலமேலு வீட்டுக் குடத்தில் இன்றைக்கும், 'அலமேலு, சீக்கிரம் வெட்டவும், பால் வாங்கப் போகணும்' என்று இருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன் தூக்குவாளிக்கு எழுதிக் கொடுத்த சீட்டில், பேருக்குப் பக்கத்தில் 'பெரிய எழுத்தில்' என்று குறித்திருந்தார். ஆவுடை 'பெரிய எழுத்தில்' என்பதைச் சின்ன எழுத்தில் அழகாக வெட்டிக் கொடுத்தான்.

மனிதர்கள் போய்விடுகிறார்கள், பேர் மட்டும் அடுப்படியில் கவிழ்ந்து கிடக்கிறது. தேய்க்கிறவள் மாறினாலும் தேயாமல் கிடக்கிறது. ஆவுடை இதையெல்லாம் யோசித்தவனில்லை. ஆனால் வெட்டி முடித்ததும் கட்டைவிரலால் அந்த எழுத்தை ஒருமுறை தடவிப் பார்ப்பான். அப்போது அவன் முகம் பார்க்க நன்றாக இருக்கும்.

அந்த வருஷம் ஊருக்கு வெளியே பைபாஸ் போட்டார்கள். வந்துகொண்டிருந்த கூட்டம் ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. மூன்று கூட்டாளிகளும் கடைக்குள் உட்கார்ந்து படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் பார்த்தபின் சங்கிலி சொன்னார்:

"அண்ணாச்சி, சனங்க வரல."

"நானும் அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"நாம ஆன்லைன்ல கடை போட்டா என்ன? சனங்க வீட்ல இருந்தே வரலாம்லா?"

எல்லோருக்கும் சரியென்று பட்டது. ஆன்லைன் என்றால் பார்சல் கட்டவேண்டும், பார்சல் கட்ட மேஜை வேண்டும், மேஜை போட இடம் வேண்டும். மூன்று பேர் கண்ணும் மாடிப்படிக்கு அடியில் போய் நின்றது.

ஆவுடை முக்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, ஆன்லைன்ல வாங்குறவங்களுக்குப் பேரு வேண்டாமா?"

அண்ணாச்சி நியாயஸ்தர். கொஞ்சம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "ஐப்பசி கடைசி வரைக்கும் பொறுப்போம்வே. ஆன்லைன் வழியா ஒரே ஒரு ஆளு வந்து பேரு வெட்டச் சொன்னாலும் முக்காலி உனக்கு. இல்லேன்னா கார்த்திகை ஒண்ணாந்தேதி அங்க மேஜை."

பஸ் ஸ்டாண்டு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிற பெனினா டீச்சரிடம் நாலு பேரும் போனார்கள். டீச்சர் பொறுமைசாலி. கோணலூரில் பாடம் நடத்துகிறவர் வேறு எப்படி இருக்கமுடியும்.

"கடையை ஒவ்வொரு செங்கலா நாம கட்ட வேண்டாம். சுவரு, கதவு, அலமாரி எல்லாம் அளவெடுத்து ஏற்கெனவே செஞ்சு வச்சிருப்பாங்க. அதை வாங்கி நிறுத்தி, நம்ம சாமானை அடுக்க வேண்டியதுதான். அதுக்குப் பேரு ஃபிரேம்வொர்க். ஜாங்கோன்னு ஒண்ணு, லாரவெல்னு ஒண்ணு, ரெயில்ஸ்னு ஒண்ணு. இப்படி நிறைய இருக்கு. மூணுமே நல்லதுதான். உங்க கடைக்கு எது தோதுன்னு பாக்கணும்."

எப்படிப் பார்ப்பது என்று கேட்டார்கள். டீச்சர் ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தார்:

அதன் பின்னால் நல்ல கூட்டம் இருக்கவேண்டும்.
கூட்டம் ஏறினாலும் தாங்கவேண்டும்.
பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைக்கவேண்டும்.
எப்படிப் பயன்படுத்துவது என்று தெளிவாக எழுதி வைத்திருக்கவேண்டும்.
நாலு வருஷத்தில் காணாமல் போகாததாக இருக்கவேண்டும்.

"இன்னொண்ணு. உங்க கடையில ஆளு உள்ள வந்ததுல இருந்து வெளிய போறவரைக்கும் என்னென்ன நடக்குதோ, ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க. அதையெல்லாம் எது செய்யுமோ அதை எடுத்துக்கலாம்."

ஒன்று விடாமல் என்று டீச்சர் சொன்னதால் ஒன்றும் விடாமல் எழுதினார்கள். நாற்பத்தொரு வரி வந்தது.

'ஆள் வருகிறார். செருப்பைக் கழற்றவா என்று கேட்கிறார். வேண்டாம் என்கிறோம். கழற்றுகிறார். குடம் கேட்கிறார். தட்டிப் பார்த்துச் சத்தம் சரியில்லை என்கிறார். அந்தக் குடத்தை உள்ளே கொண்டுபோய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, அதே குடத்தை வெளியே கொண்டுவருகிறோம். தட்டிப் பார்க்கிறார். இதுதான் சத்தம் என்கிறார். விலை கேட்கிறார். கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார். கூப்பிடுகிறோம்.'

இந்த இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. எத்தனையாவது படியில் கூப்பிடுவது என்பதில் தகராறு.

"ரெண்டாம் படியில கூப்பிடணும்" என்றார் சங்கிலி.

"ரெண்டாம் படியில கூப்பிட்டா நமக்கு அவசரம்னு நெனப்பாங்க. மூணாம் படி" என்றாள் இசக்கியம்மாள்.

"மைனி, நாலாம் படிக்குப் போயிட்டாங்கன்னா?"

"நம்ம கடைக்கு மூணு படிதான."

"அதான் நானும் பயப்படுதேன். நாலாம் படி இல்லேல்லா? அதுல போயி எப்படிக் கூப்பிடுவீங்க?"

இரண்டு நாள் கடையை அரைஷட்டரில் வைத்துவிட்டு யோசித்தார்கள். கடைசியில் அண்ணாச்சியே படியிறங்கிப் போய்ப் பார்த்தார். மூன்றாம் படிக்கு அப்புறம் ரோடுதான் என்று உறுதி செய்துகொண்டு, 'மூன்றாம் படி' என்று எழுதச் சொன்னார்.

டீச்சர் நாற்பத்தொரு வரியையும் வாசித்தார். நடுவில் இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்திரிச்சுப் போற ஆளைக் கூப்பிடுறது முடியும். சாமானை எடுத்து வச்சுட்டு வாங்காமப் போனா, 'உங்க குடம் காத்துக்கிட்டிருக்கு'ன்னு தகவல் அனுப்பலாம்."

"எத்தனாம் படியில?" என்றார் சங்கிலி.

"நீங்க சொல்ற படியில" என்றார் டீச்சர் களைப்பாக.

ஆவுடை அதுவரை கதவோரம் நின்றிருந்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "டீச்சர், இந்த மூணுல எது பேரு வெட்டும்?"

"எதுவும் வெட்டாதுப்பா. என்ன பேரு போடணும்னு கேட்டு எழுதி வாங்கிக்கும். வெட்டுறது நீதான்."

ஆவுடைக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய சமாச்சாரம், உலகம் பூராவும் ஓடுகிறது, பேர் வெட்ட மட்டும் கோணலூர் ஆவுடையிடம்தான் வரவேண்டும் என்கிறதே.

மூன்று ஃபிரேம்வொர்க்கிலும் ஆளுக்கு ஒன்றாக மூன்று வெள்ளோட்டக் கடை டீச்சர் போட்டு, மூன்று கம்ப்யூட்டரில் பாத்திர மாளிகையிலேயே வைத்துக் கொடுத்தார். ஜாங்கோவை அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். லாரவெல் சங்கிலிக்கு. மிஞ்சியது ரெயில்ஸ்.

"ரெயிலா? நம்ம ஊருக்குத் தண்டவாளமே கெடையாதே" என்று இசக்கியம்மாள் முகத்தைச் சுளித்தாள். அது வேறு இது வேறு என்று டீச்சர் கால்மணி நேரம் விளக்கினார். அவளும் தலையாட்டிவிட்டு, தண்டவாளம் தன் செலவில்லை என்றால் தனக்கு ஆட்சேபணையில்லை என்றாள்.

"நாளைக்கு மூணுலயும் நூறு நூறு ஆர்டர் அனுப்புறேன்" என்றார் டீச்சர். "தாங்குதான்னு பாக்கணும். ஆர்டர் வந்தா வழக்கமா என்ன செய்வீங்களோ அதையே செஞ்சு பாருங்க. எங்க சிக்குதுன்னு தெரியும்."

மறுநாள் காலை ஆர்டர் வந்து கொட்டியது. அண்ணாச்சி கடையில் முதல் ஆர்டர்: டம்ளர் ஒன்று. வாங்குபவர்: சோதனை 1. வெட்டவேண்டிய பேர்: சோதனை 1. முகவரி: சோதனைத் தெரு, சோதனையூர். அடுத்தது சோதனை 2. அப்புறம் சோதனை 3. இப்படியே நூறு வரைக்கும்.

ஆவுடை முக்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மெஷின் 'கிர்' என்றது. வழக்கமாக என்ன செய்வானோ அதையே செய்தான்.

"ஒரே வீட்ல நூறு பேரா?" என்று இசக்கியம்மாள் மூக்கில் விரல் வைத்தாள்.

"கூட்டுக் குடும்பம், மைனி" என்றார் அண்ணாச்சி பெருமையாக. "பேரு வைக்க நேரமில்லாம நம்பர் போட்டிருக்காங்க. ஆனாலும் ஆளுக்கொரு டம்ளரு. எச்சில் பாக்குற குடும்பம். இந்தக் காலத்துல எங்க இருக்கு?"

பத்து மணிக்குச் சங்கிலியின் கடையிலும் ஆர்டர் வந்தது. வாங்குபவர்: சோதனை 1.

அண்ணாச்சியின் முகம் கறுத்தது. "இவரு நம்ம ஆளுல்லா? காலையிலதான் எங்கிட்ட வாங்கினாரு. அதுக்குள்ள உம்ம கடைக்கு எதுக்கு வாராரு?"

"என் கடை பிடிச்சிருக்கும்" என்றார் சங்கிலி.

"நீருதான் ஏதோ சொல்லி இழுத்திருக்கீரு."

பதினோரு மணிக்கு அதே சோதனை 1, இசக்கியம்மாளிடமும் ஒரு டம்ளர் கேட்டார். இப்போது சங்கிலிக்கும் வயிறு எரிந்தது. ஒரு டம்ளருக்கு ஒரு கரண்டி இலவசம் என்று தன் கடையில் ஒரு அட்டையை எழுதி, கம்ப்யூட்டர் முகப்பில் பசைபோட்டு ஒட்டினார். அண்ணாச்சி மூடி இலவசம் என்று ஒட்டினார். இசக்கியம்மாள், 'சோதனை வீட்டுப் பெண்களுக்கு மஞ்சள் குங்குமம் தரப்படும்' என்று ஒட்டினாள். அட்டை ஒட்டியபின் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஆர்டர் வரும் 'டிங்' சத்தம் நிற்கவில்லை. ஆகவே அட்டை வேலை செய்கிறது என்று மூவரும் தனித்தனியே முடிவுகட்டினார்கள்.

ஆவுடை சாப்பிடப் போகவில்லை. இரண்டு நாளும் வண்டு பாடிக்கொண்டே இருந்தது. கடையிலிருந்த முந்நூறு டம்ளரும் தீர்ந்தபோது, முந்நூறிலும் பேர் இருந்தது. அவன் கட்டைவிரல் கன்னிப்போயிருந்தது.

மூன்றாம் நாள், எது நன்றாகத் தாங்கியது என்று சொல்ல டீச்சர் வந்தார். மூன்றும் தாங்கிவிட்டன. சந்தோஷமாகப் படியேறியவர், டம்ளர் அடுக்கைப் பார்த்தார். ஒன்றை எடுத்து வாசித்தார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம் கையில் கிடைத்த ஒரு அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன இது?"

"சோதனை வீட்டு ஆர்டர், டீச்சர். பார்சல் கட்டணும். சோதனையூருக்கு எந்த பஸ்னு தெரியல, அதான் நிக்குது" என்றான் ஆவுடை.

"அப்படி ஒரு ஆளே கெடையாதுப்பா. நான்தான் சும்மா அனுப்பினேன்."

இசக்கியம்மாள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ. நல்ல குடும்பம். எப்பம் போய்ச் சேந்தாங்க டீச்சர்?"

"எப்பமும் இல்ல. இருந்ததே இல்ல."

"நூறு பேருமா?" என்றார் அண்ணாச்சி, எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கியபடி.

டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். சோதனை 47-இல் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தபின் அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. "நடந்தது நடந்துபோச்சு. மூணுல எது வேணும்னு ஒண்ணைச் சொல்லுங்க, அதை ஊருக்குத் தொறந்து விடுறேன். இனிமே ஆர்டர் வந்தா ஆளு நிஜமான்னு கேட்டுட்டு வெட்டு ஆவுடை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எது வேண்டும் என்பதில் மூன்று பேருக்கு மூன்று கருத்து. அவரவர் கடையை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை. ஐப்பசி மழை கொட்ட, அண்ணாச்சி இன்னொரு தீர்ப்புச் சொன்னார்.

"சண்டை வேண்டாம். எது முதல்ல நிஜ ஆளைக் கொண்டுவந்து சேக்குதோ, அதான் நம்ம ஃபிரேம்வொர்க். ஆளு வந்ததும் அதைத் தொறந்து விடச் சொல்வோம்."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று கடையும் மூடியே இருந்தன. திறப்பதற்கு முதல் ஆள் வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று. ஆன்லைனில் கூட்டம் இல்லை என்று அவர்களுக்கு வருத்தம். ஆவுடை தினமும் மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்தான். தன் முக்காலிக்கு அடியில் அளவு நாடா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே துடைத்தான். மேஜைக்கு அளவெடுக்க ஆசாரி வந்திருந்தார்.

ஐப்பசி கடைசி நாள் வந்தது. மத்தியானம், மழையில் நனைந்த ஒரு அம்மாள் படியேறி வந்தாள்.

"முந்நூறு டம்ளர் வேணும். எம் மகளுக்கு நாளக் கழிச்சுக் கல்யாணம். வாறவங்களுக்குக் குடுக்க. எல்லாத்துலயும் பேரு வெட்டணும்."

ஆவுடை முக்காலியிலிருந்து எழுந்தே விட்டான். ஆனால் டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. "அம்மா, நீங்க நிஜ ஆளுதானா?"

"ஏன்ய்யா, ஆவி மாதிரியா தெரியுது? நனைஞ்சு போயி நிக்கேன்."

நனைகிறாள், ஆகவே நிஜம் என்று நாலு பேரும் தலையாட்டினார்கள். ஆனால் அண்ணாச்சி நியாயஸ்தர். "ஆவுடை, இது கணக்குல வராதுவே. இந்தம்மா நேர்ல வந்திருக்காங்க. ஜாங்கோவும் கொண்டுவரல, லாரவெல்லும் கொண்டுவரல, ரெயில்ஸும் கொண்டுவரல. நாளைக்கு மேஜை மேஜைதான்."

ஆவுடை முக்காலியைப் பார்த்தான். கன்னிப்போன கட்டைவிரலைப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்:

"அம்மா, உங்களை எதும்மா கொண்டுவந்துச்சு?"

"எட்டாம் நம்பர் டவுன் பஸ்தான். வேற என்ன இருக்கு இந்த ஊருக்கு?"

ஆவுடை சட்டைப்பையிலிருந்து டீச்சரின் தாளை எடுத்தான். மடிப்பு மடிப்பாக நைந்திருந்தது. "அண்ணாச்சி, எது முதல்ல நிஜ ஆளைக் கொண்டுவருதோ அதான்னு நீங்க சொன்னீங்கள்லா?"

அண்ணாச்சி திகைத்தார். சங்கிலி தாளை வாங்கினார். அந்த அம்மாளை அண்டாமேல் உட்காரவைத்துவிட்டு, விசாரணை ஆரம்பமானது.

"பின்னால் நல்ல கூட்டம் இருக்கவேண்டும்."

"பின்படியில தொங்குதே" என்றாள் இசக்கியம்மாள்.

"கூட்டம் ஏறினாலும் தாங்கவேண்டும்."

"கோயில் கொடைக்கு நூத்திருபது பேரு ஏறினோம். நானே எண்ணினேன்" என்றார் அண்ணாச்சி. "டயருதான் கொஞ்சம் அழுதுச்சு."

"பழுதானால் ஆள் கிடைக்கவேண்டும்."

"டெப்போவுல எட்டுப் பேரு இருக்காங்க" என்று அண்ணாச்சியே ஒப்புக்கொண்டார்.

"தெளிவாக எழுதி வைத்திருக்கவேண்டும்."

"கரம் சிரம் புறம் நீட்டாதீர்" என்று ஆவுடை உருக்கமாகச் சொன்னான். "அண்ணாச்சி, நாலே வார்த்தை. அதுக்கு மேல என்ன தெளிவு வேணும்?"

"நாலு வருஷத்துல காணாமப் போகக்கூடாது."

"நான் கல்யாணமாயி வந்ததே அந்த பஸ்லதான்" என்றாள் இசக்கியம்மாள். "அதே பஸ்ஸு. அதே கிழிஞ்ச சீட்டு."

சங்கிலி ஒருமுறை யோசித்தார். இன்னொரு முறை யோசித்தார். இரண்டு முறையும் பஸ்தான் வந்தது. அவர் ஆச்சரியப்பட்டுப்போனார்.

அண்ணாச்சி அங்கேயே டீச்சருக்குப் போன் போட்டார். "டீச்சர், முடிவு பண்ணியாச்சு. எட்டாம் நம்பர்."

"எட்டாம் நம்பரா? எந்த ஃபிரேம்வொர்க்குல?"

"அதான் டீச்சர் ஃபிரேம்வொர்க்கே. உங்க அஞ்சு வரியிலயும் பாஸ். அது வழியா பேரு வெட்ட ஆளும் வந்தாச்சு. இப்பக்கூட உங்க சென்டர் ஜன்னலுக்குக் கீழ நிக்கும், பாருங்க."

டீச்சர் ஜன்னலைத் திறந்து பார்த்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

ஆசாரிக்கு மேஜை வேண்டாமென்று சொல்லி அனுப்பினார்கள். ஆவுடை முக்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்தான். அந்த அம்மாள் சீட்டில் மகள் பேரையும் மருமகன் பேரையும் எழுதிக் கொடுத்தாள். டம்ளரை எடுத்துக் காட்டினார்கள்.

"என்னய்யா இது, சோதனை ஒண்ணுன்னு இருக்கு?"

"அவங்க வரமாட்டாங்கம்மா" என்றாள் இசக்கியம்மாள் தழுதழுத்த குரலில். "நல்ல குடும்பம்."

வேறு டம்ளர் இல்லை, கல்யாணத்துக்கு நாளும் இல்லை. அந்த அம்மாள் பெருமூச்சு விட்டு, சீட்டைத் திரும்ப வாங்கி, மகள் பேருக்கு மேலே இன்னொரு வரியும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். வண்டு ராத்திரி பகலாகப் பாடியது. மறுநாள் சாயங்காலம் முந்நூறு டம்ளரும் மூட்டை கட்டி, அந்த எட்டாம் நம்பர் ஃபிரேம்வொர்க்கின் கூரையிலேயே ஏறிப் போயின.

கல்யாண வீட்டில் தாம்பூலப் பையைப் பிரித்தவர்கள் ஒவ்வொரு டம்ளரிலும், நம்பர் மட்டும் மாறி, இப்படி வாசித்தார்கள்:

'சோதனை 1. மேலே உள்ள சோதனையை நன்றாக அழித்துவிட்டு வெட்டவும். வடிவழகி – வீரபாகு திருமணம்.'

சீட்டில் இருந்ததில் ஒரு எழுத்தைக்கூட விடவில்லை என்று ஆவுடைக்குப் பரம திருப்தி.